கற்பூரப் பூட்டு

பச்சைமணி ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தைப் பற்றி யாராவது குறை பேசினால் எனக்குக் கோபம் வரும். ரகசியம் காப்பதில் அதற்கு இணையான நிறுவனம் போடிநாயக்கனூரில் கிடையாது. இந்த ஊரில் எந்த ரகசியமும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வராமல் இருந்ததில்லை. எவன் காய்க்குச் சாயம் ஏற்றினான், எவன் ஏலத்தில் யாருக்குக் கண்ணைக் காட்டினான் என்பதெல்லாம் வடை வெந்து வருவதற்குள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நிறுவனம் தன் ரகசியத்தை ஓர் உயிர் போகும்வரை காப்பாற்றியது என்றால் அது லேசான காரியமா? அந்தச் சாதனையை இதுவரை யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு வெளிநாட்டுக்காரனால் வந்தது. பச்சைமணியிடம் காய் வாங்கும் கம்பெனி ஒன்று ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தது. நிறுவனத்துக்கும் அதன் நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளுக்கும் இடையே போகிற மெயில் எல்லாம் இனிமேல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதாவது, நடுவில் எவன் பிரித்தாலும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். முதலாளி பாண்டித்துரைக்குப் பூட்டுவதில் ஆட்சேபம் இல்லை. குளியலறைச் சோப்பையே பூட்டி வைக்கிற மனிதர் அவர். அவரைத் திகைக்க வைத்தது 'நம்பிக்கைக்குரிய கூட்டாளிகள்' என்ற சொல்தான். அப்படி யாரும் அவருக்கு இருந்ததில்லை. கூடப்பிறந்த தம்பி குடோனுக்குள் போய்விட்டு வந்தால்கூடச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

ஆகவே நம்பிக்கைக்குரியவர்களைத் தயாரிக்க வேண்டியதாயிற்று. மலைச்சரிவில் சின்னச் சின்ன ஏலத்தோட்டம் வைத்துக்கொண்டு பச்சைமணிக்கே காய் கொடுத்துவந்த விவசாயிகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அட்டையில் முதலில் 'நம்பிக்கைப் பங்காளி' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் பங்காளி என்றால் வரப்பை வெட்டிக்கொள்கிறவன் என்று பொருள். அந்த அட்டைகளை எரித்துவிட்டு 'நம்பிக்கைக் கூட்டாளி' என்று மறுபடி அச்சடித்தார்கள்.

அப்படி அட்டை மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ராசிங்காபுரம் சோணை. தோட்டம் மலையில், வீடு கீழே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், கேட்காத கேள்விக்குச் சிரிப்பார். அவரை நம்பிக்கைக்குரியவர் என்று யாரும் அதுவரை எழுதிக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போய் அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மனைவி வேலுத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குய்யா இது? ரேசனுக்கா?" என்றாள்.

கூட்டாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்று சென்னையிலிருந்து செழியன் என்பவர் வந்தார். பதவியின் பெயர் தகவல் பாதுகாப்பு அதிகாரி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"ஐயா, நாங்க உங்களை முழுசா நம்புறோம். அதனாலதான் இனிமே நீங்க பேசுறது எதையும் காதுல வாங்கப் போறதில்ல. நேர்ல வந்து சொல்றது, போன்ல சொல்றது, சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புறது, எல்லாத்தையும் இன்னையோட விட்டுடுங்க. வாய்ங்கிறது பூட்டே இல்லாத கதவு. பூட்டின மெயில்ல வந்தாத்தான் அது தகவல். மத்ததெல்லாம் சத்தம்."

சோணை எழுந்து நின்றார். "சார், தோட்டத்துல தீ கீ பிடிச்சிருச்சுன்னா?"

"மெயில் போடுங்க."

"வெரசாச் சொல்லணுமே சார்."

"வெரசா மெயில் போடுங்க. ஆனா பூட்டிப் போடுங்க. தீப்பிடிச்சதுங்கிற தகவல் போட்டிக் கம்பெனிக்குப் போயிடக் கூடாது பாருங்க."

அடுத்தது பாஸ்வேர்டு. மனைவி பெயர் கூடாது, பிள்ளைகள் பெயர் கூடாது, சாமி பெயர், ஊர் பெயர், மாட்டின் பெயர் எதுவும் கூடாது. மனதுக்கு நெருக்கமான எதுவாக இருந்தாலும் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்றார் செழியன். "அதெல்லாத்தையும் கழிச்சுட்டா எங்கிட்ட என்ன சார் மிச்சம் இருக்கு?" என்று சோணை கேட்டார். "அந்த மிச்சம்தான் பாஸ்வேர்டு" என்றார் செழியன். மண்டபம் கைதட்டியது.

ஒவ்வொருவராகப் போய்ச் செழியனின் காதில் தங்கள் சொல்லை ஓதினார்கள். அவர் அதை அவரவர் செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டிக் கொடுத்தார். சோணை ஓதியதைக் கேட்டு அவர் முகம் சந்தேகப்பட்டது.

"தூக்குச்சட்டியா? இது உங்களுக்கு நெருக்கமான விஷயமா?"

"பாத்திரம் சார்" என்றார் சோணை, தலையைக் குனிந்துகொண்டு.

எல்லாருடைய சொல்லையும் கேட்டு முடித்ததும் செழியன் மேடையேறி, "இப்ப உங்க பாஸ்வேர்டு உங்களைத் தவிர இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது" என்று அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. ஜான் என்கிற கூட்டாளி சவரக் கடையில் தாடையைக் கொடுத்துக்கொண்டே தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அதைவிடத் தங்களுடையது நன்றாக இருக்கிறது என்று தங்கள் பாஸ்வேர்டுகளைச் சொன்னார்கள். அந்த வாரக் கடைசியில் டீக்கடையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பாஸ்வேர்டைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சோணை மட்டும் சொல்லவில்லை. வெட்கம்.

செழியன் சென்னைக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். அப்போதுதான் பாண்டித்துரைக்கு மூளை வேலை செய்தது. போடியில் பிறந்தவர் அல்லவா? கூட்டாளிகள் எல்லாரையும் மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயிலுக்கு வரச்சொன்னார். பாஸ்வேர்டுகளையெல்லாம் புதிதாக மாற்றிக்கொண்ட பிறகு, சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். கூட்டாளிகள் ஒவ்வொருவராக உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சோணையிடம் மாற்ற வேறு சொல் இல்லாததால் பழையதையே வைத்துக்கொண்டார்.

"கம்பேனி மெயிலோட பாஸ்வேர்டையும், கம்பேனி குடுக்கிற சரக்கைப் பத்தியும், கட்டுன பொண்டாட்டிகிட்டக்கூட வாயத் தெறந்து சொல்ல மாட்டேன். சொன்னா எங் குடும்பம் விளங்காது."

எங்கள் பக்கம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அது என் கையெழுத்தே இல்லை என்று கோர்ட்டில் நிற்கிறவர்கள் ஏராளம். சூடத்தை அணைத்தவன் சொல் மாறியதை நான் பார்த்ததில்லை. ஜான் தன் வீட்டிலிருந்து பைபிள் கொண்டுவந்து அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். செழியன் ஓரமாக நின்று இதையெல்லாம் லேப்டாப்பில் 'இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு' என்று குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பச்சைமணியின் மெயில் ஒன்றைக்கூட வெளியாள் படித்தது கிடையாது. உள்ளாளும் படித்தது கிடையாது. கூட்டாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கில எழுத்தைத் தட்டத் தெரியாது. பிள்ளைகளைத் தட்டச் சொல்லலாம் என்றால் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும்; சொன்னால் குடும்பம் விளங்காது. செல்போன் சிணுங்கும், ஒரு பூட்டுப் படம் வரும், அத்தோடு சரி. "மெயில் பாத்தீங்களா?" என்று செழியன் கேட்டால், "பூட்டு நல்லாத் தெரியுது சார்" என்பார் சோணை. மெயிலில் என்ன இருக்கிறது என்பதை ஆபீஸ் பியூன் டீக்கடையில் சொல்லிவிடுவான். அப்படித்தான் கொடுக்கல் வாங்கல் தடையில்லாமல் நடந்தது.

வேலுத்தாய்க்குத்தான் அந்தப் பூட்டுப் படத்தைக் கண்டால் ஆகாது. "பொண்டாட்டிகிட்டச் சொல்லக் கூடாத சோலி அப்படி என்னய்யா சோலி? கடத்துறீகளா?" என்பாள்.

"சத்தியம் பண்ணிருக்கேன் புள்ள."

"எங்கழுத்துல தாலி கட்டும்போது பண்ணதை எங்க போட்ட?"

சோணை சிரிப்பார். கேட்காத கேள்வி என்று எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் ஏலச்செடிகளில் பூச்சி விழுந்தது. பச்சைமணி தன் கூட்டாளிகளுக்கு மட்டும் ஒரு மருந்து கொடுத்தது. வெள்ளைக் கேன். அதில் பெயர் இல்லை, படம் இல்லை, எச்சரிக்கை இல்லை. கடையில் வாங்கியபோது ஒட்டியிருந்த சீட்டையெல்லாம் குடோனில் வைத்துச் சுரண்டிவிட்டுக் 'கலவை எண் ஏழு' என்று எழுதியிருந்தார்கள். காலிக் கேனை அன்றன்றே கம்பெனி ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். எப்படிக் கலக்க வேண்டும், எதை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் மெயிலில் இருக்கிறது என்றார் செழியன். மெயிலும் வந்தது. பூட்டு நன்றாகத் தெரிந்தது.

மருந்தைச் சோணை அடித்தார். வேலுத்தாய் டிரம்மில் கலக்கி ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைக்காற்றுக்கு இன்ன திசை என்று கிடையாது. வெயில் ஏறியபோது அவள் தலை கிறுகிறுக்கிறது என்று உட்கார்ந்தாள். அப்புறம் வாந்தி. வாயில் நுரையாக எச்சில் வடிந்தது, உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. சோணை அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

நல்லவேளை, காசிமாயனின் ஜீப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காசிமாயனும் ராசிங்காபுரம்தான். சோணையை மாமா என்றும் வேலுத்தாயை அக்கா என்றும் கூப்பிடுகிறவன். ஏறியிருந்த ஆட்களை இறக்கிவிட்டு இவளைப் படுக்க வைத்தான். வளைவுகளில் ஆரன் அடித்துக்கொண்டே கேட்டான்.

"என்ன மருந்து மாமா அடிச்சீக?"

சோணை வாயைத் திறந்தார். உள்ளங்கையில் சூடத்தை அணைத்த இடம் அவருக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"அது... சொல்லக் கூடாது மாப்ளே."

காசிமாயன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தான். ஏதோ புருசன் பொண்டாட்டி சண்டை, வேலுத்தாயே எதையோ குடித்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டான். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாரோன் அவளைப் பார்த்த மாத்திரத்தில் ஊசி போட்டார், குழாய் வைத்தார். "என்ன மருந்து?" என்று அவரும் கேட்டார்.

"கம்பேனி ரகசியம் டாக்டரம்மா."

டாக்டருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இங்க பாருங்கய்யா. ஆளைப் பாத்து எனக்குத் தெரிஞ்சதைக் குடுத்திருக்கேன். ஆனா ஒவ்வொரு விஷத்துக்கும் மாத்து மருந்து வேற வேற. ஒண்ணுக்குக் குடுக்கிறதை இன்னொண்ணுக்குக் குடுத்தா ஆளைக் கொன்னுரும். பேரு தெரியணும். கேனைக் கொண்டாங்க."

கேன் இல்லை. பெயர் அவருக்கே தெரியாது. மெயிலில் இருக்கிறது, மெயில் பூட்டியிருக்கிறது என்று சோணை அழுதுகொண்டே சொன்னார். டாக்டர் பச்சைமணிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். கூட்டாளி அல்லாதவர்களிடம் சரக்கு விவரம் பேசுவதில்லை என்றும், டாக்டர் விரும்பினால் கூட்டாளியாக விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னாள். அதற்குச் சொந்தமாக ஏலத்தோட்டம் இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எதிர்முனை அதையும் இனிமையாகக் கேட்டுக்கொண்டது.

"நீங்களே போங்க. ஓடுங்க" என்றார் டாக்டர்.

வாசலில் நின்ற காசிமாயன் எதுவும் கேட்காமல் ஜீப்பைக் கிளப்பினான். கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, திரும்பக் கூட்டிப்போக அங்கேயே நின்றான்.

வாச்மேன் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. "எந்தா காரியம்? மெயில் இட்டோ?" என்றான். சோணையின் கழுத்தில் அட்டை இல்லை, தோட்டத்திலிருந்து அப்படியே வந்தாயிற்று. சோணை அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். சத்தம் கேட்டுச் செழியன் வெளியே வந்தார்.

"சார், எம் பொண்டாட்டி ஏழாம் நம்பரு மருந்து..."

செழியன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயா, ஐயா, நிறுத்துங்க. இது ஓப்பன் ஹால். இத்தனை பேர் இருக்காங்க. நீங்க சொல்றது பூட்டாத தகவல்."

"மூச்சு இழுக்குது சார் அவளுக்கு."

"எனக்குக் கேக்கல. கேட்டா நான் மேல ரிப்போர்ட் பண்ணணும், உங்க கூட்டாளித் தகுதி போயிடும். உங்க நல்லதுக்காகத்தான் காதைப் பொத்தியிருக்கேன். உங்களுக்கு வேண்டியது எல்லாம் மெயில்ல இருக்கு. திறந்து பாருங்க."

"எனக்குத் தட்டத் தெரியாதே சார். நீங்களே தெறந்து குடுங்க. ஒங்களுக்குத்தான் அந்தச் சொல்லு தெரியுமே."

செழியன் நொந்துபோனார். ஒரு அதிகாரியைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையா இது? "அன்னைக்கே மறந்துட்டேன் ஐயா. மறக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

இந்த நேரத்தில் முதலாளி பாண்டித்துரை தன் அறையிலிருந்து வந்தார். மருந்தின் பெயர் அவருக்குத் தெரியும். அவர்தானே வாங்கினார்? சோணையின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். சோணைக்கு உயிர் வந்தது. நம் முதலாளி, நம் ஊர்க்காரர், சொல்லிவிடுவார் என்று நினைத்தார்.

"சோணை, ஒம்மேல எனக்கு எம்புட்டு நம்பிக்கைன்னு ஒனக்கே தெரியும். பேரைச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் ஆகுமா? ஆகாது. ஆனா ரோசிச்சுப் பாரு. இன்னைக்கு ஒனக்கு வாயால சொல்லிருவேன். நாளைக்கு இன்னொருத்தன் எம் பொண்டாட்டிக்கு முடியலேன்னு வந்து நிப்பான். அவனுக்கும் சொல்லணும். இப்பிடி நாலு பொண்டாட்டிக்கு முடியாமப் போனா ஊருக்கே பேரு தெரிஞ்சிரும். ஊருக்குத் தெரிஞ்சா வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியும். இந்த மருந்தைத் தொடக் கூடாதுன்னு அவன் எழுதி வாங்கிருக்கான்யா. அப்புறம் காயைத் தொடுவானா? ஒன் தோட்டத்துக் காயை எவன் வாங்குவான்? நீ பொழைக்கணும்னுதான் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். எனக்கு மட்டும் வலிக்காதா?"

உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. சோணை அவர் காலில் விழுந்தார்.

"மொதலாளி, பேரைச் சொல்ல வேணாம். சத்தியத்துல இருந்து மட்டும் என்னைய விட்டுருங்க. டாக்டரம்மாகிட்டச் சொல்லைச் சொல்லி மெயிலைத் தெறந்துக்கிறேன்."

"அட கிறுக்கா, நீ சத்தியம் பண்ணது எங்கிட்டயா? கருப்பசாமிகிட்ட. மெயிலுன்னா செழியன் பாத்துக்குவாரு. சத்தியத்துல நான் எப்படிக் கை வைக்க முடியும்? அது நம்ம கம்பேனிக்குக் கட்டுப்பட்டது இல்லப்பா."

சோணை திரும்பி வந்தார். கம்பெனி வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் காசிமாயனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைப் பார்த்தபடியே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலுத்தாயின் நெஞ்சு கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் செல்போனை வாங்கிப் பூட்டுப் படத்தைத் தொட்டார். கட்டம் ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க."

சொன்னால் குடும்பம் விளங்காது. சொல்லாவிட்டால் குடும்பமே இதோ கட்டிலில் போய்க்கொண்டிருக்கிறது. எந்தச் சாமியும் எந்த மனிதனையும் இப்படி நிறுத்தியிருக்காது. ஏலக்காய்க் கம்பெனிதான் நிறுத்தும். எழுதும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"சொல்லுங்கய்யா!"

"தூக்குச்சட்டி" என்றார் சோணை.

பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்திருப்பது தெரியாமல் வேலுத்தாய் களத்திலிருந்து தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். அன்றிலிருந்து ஆள் இல்லாத நேரத்தில் சோணை அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அடுத்தவர் காதில் விழும்படி அவர் அதைச் சொன்னதே கிடையாது.

வேலுத்தாயின் கண் லேசாகத் திறந்தது. அவ்வளவு அவஸ்தையிலும் அந்த முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லிப்புட்டியேய்யா" என்றாள்.

அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். செல்லமாகத்தான் சொன்னாள். சோணைக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

மெயில் திறந்துகொண்டது. பச்சைமணியின் வரலாற்றில் ஒரு கூட்டாளியின் மெயில் திறக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் வேகமாகப் படித்தார்.

'மதிப்பிற்குரிய நம்பிக்கைக் கூட்டாளி அவர்களுக்கு வணக்கம். கலவை எண் ஏழினால் உடல்நலக் குறைவு ஏற்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுகி, கலவையின் பெயரைத் தெரிவிக்கவும். பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கலவையின் பெயர் இந்த மெயிலில் குறிப்பிடப்படவில்லை. பெயரை அறியத் தகவல் பாதுகாப்பு அதிகாரியை நேரில் அணுகவும். பசுமையே நம் பெருமை.'

டாக்டர் அதை இரண்டாம் முறையும் படித்தார். பிறகு செல்போனைச் சோணையின் கையில் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த வைத்தியத்தை விடாமல் செய்துகொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் வேலுத்தாய் இறந்துவிட்டாள். "பேரு மட்டும் தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், மாற்று மருந்துகள் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

ராசிங்காபுரம் சுடுகாட்டில் சோணை கொள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது மடியில் இருந்த செல்போன் சிணுங்கியது. கம்பெனியின் அனுதாபச் செய்தி. பூட்டியிருந்தது. வழக்கு விஷயமாக வந்த போலீஸ் ஏட்டு கம்பெனியிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாமதமில்லாமல் மெயிலில் பதில் வந்தது. அதுவும் பூட்டியிருந்தது.

காரியம் முடிந்த கையோடு சோணை தானாகவே பாண்டித்துரை முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, நான் சொல்லிப்புட்டேன். டாக்டரம்மாகிட்ட."

பாண்டித்துரையின் முகம் வெளுத்துப்போனது. "என்னத்தச் சொன்ன?"

"பாஸ்வேடை."

"அதை மட்டுமா?"

"அதை மட்டுந்தான் மொதலாளி. சொன்ன கையோட அவ போயிட்டா. கருப்பசாமி காட்டிருச்சு."

பாண்டித்துரை நாற்காலியில் சாய்ந்தார். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் சோணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காயைக் கையில் அள்ளி மணம் பார்த்துத் தரம் சொல்லும்போது அப்படித்தான் பார்ப்பார். பிறகு செழியனைக் கூப்பிட்டார்.

அடுத்த அமாவாசைக்குக் கருப்பசாமி கோயிலில் கூட்டாளிகள் எல்லாருக்கும் மறுசத்தியம் வைத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, கிடாய் விருந்து. பாண்டித்துரை மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கம்பேனி ஒரு குடும்பம். அதுல ஒரு துக்கம் நடந்துபோச்சு. யாரையும் குத்தம் சொல்ல நான் வரல. மருந்தைக் குத்தம் சொல்லல, ஆஸ்பத்திரியைக் குத்தம் சொல்லல. நடந்ததை நடந்தவரே சொல்லட்டும். வாப்பா சோணை."

சோணை மேடையேறினார். அவர் பேசத் தெரியாதவர். ஆனால் அன்றைக்கு அவரைப் போல யாரும் பேசவில்லை.

"டாக்டரம்மா மருந்து பேரு கேட்டுச்சு. மெயிலு பூட்டிருந்துச்சு. அவசரத்துல நான் வாயத் தெறந்துட்டேன். அவ என்னையப் பாத்து, எல்லார்கிட்டயும் சொல்லிப்புட்டியேன்னு கேட்டா. அம்புட்டுத்தான், போயிட்டா. யாரும் சொல்லிப்புடாதீகப்பா. எதைக் கேட்டாலும், எவரு கேட்டாலும் சொல்லிப்புடாதீக."

பந்தலில் பெண்கள் அழுதார்கள். சூடம் கொளுத்தப்பட்டது. கூட்டாளிகள் முண்டியடித்துக்கொண்டு போய் அணைத்தார்கள். ஜான் பைபிளோடு வந்திருந்தார். அதன்மேல் சத்தியம் செய்துவிட்டு, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று சூடத்தையும் அணைத்தார். வீட்டில் மனைவி இருக்கிறாள் அல்லவா?

வெளிநாட்டுக் கம்பெனியின் தணிக்கை ஆள் ஒருவர் இதைப் பார்க்க வந்திருந்தார். கூட்டாளிகளிடமிருந்து இதுவரை ஏதாவது கசிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் செழியன், கம்பீரமாக. இனிமேல் கசியவும் கசியாது என்றும், இந்த அளவுக்கு உறுதியான குறியாக்கம் எந்தச் சாப்ட்வேரிலும் கிடைக்காது என்றும் விளக்கினார். பச்சைமணிக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. பாண்டித்துரை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

விருந்து முடிந்து சோணை காசிமாயனின் ஜீப்பில்தான் ஊர் திரும்பினார். காசிமாயன் பந்தலுக்கு வெளியே ஜீப்பில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கோயிலைத் தாண்டியதும் கேட்டான்.

"மாமா, டாக்டரம்மா பேரு கேட்டது கம்பேனி குடுத்த மருந்தோடதா?"

சோணை உள்ளங்கையை மடக்கிக்கொண்டார்.

"வெள்ளைக் கேனா? மேல ஏழுன்னு எழுதிருக்குமே, அதா?"

சோணை வெளியே பார்த்தார். காசிமாயன் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான்.

"அட பாவி மனுசா! அம்புட்டுக் கேனையும் கடையில இருந்து குடோனுக்கு லோடு அடிச்சது நான்தானய்யா. அப்ப ஒட்டுன சீட்டெல்லாம் அப்படியே இருந்துச்சு. ஏழாம் நம்பருன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே உள்ள வந்து டாக்டரம்மாகிட்டச் சொல்லிருப்பேனே. நான் வாசல்லயேதான நின்னேன்! அக்கா என்னமோ குடிச்சிருச்சுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த மருந்து பேரு எனக்கு இன்னைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு மாமா. அதோட பேரு..."

சோணை பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். ஜீப்பு ரோட்டை விட்டு விலகிப் புளியமரத்தடியில் போய் நின்றது. காசிமாயன் திமிறினான். சோணை கையை எடுக்கவில்லை.

"சொல்லாத மாப்ளே" என்றார். "ஒனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கா."